ஏழாவது துளி

1

இந்தக் கதை தானாக வந்து என் மடியில் விழுந்தது என்று தொடங்கினால் அது பொய். போன வருடம் முழுக்க நான் ஒரு கதைகூட எழுதவில்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஆறடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. உள்ளே கடல்நீர், நான்கு மீன்கள், பத்து வருடமாக அவன் வளர்த்த பவளங்கள். அந்தப் பவளங்கள் வெளுத்துக்கொண்டு வருகின்றன என்று அண்ணன் புலம்புவதாக அண்ணி தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் வருத்தம் வரவில்லை. இதில் ஒரு கதை தேறும் என்றுதான் தோன்றியது. நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முதல் தொடக்கம்: ‘வெளுத்துப்போன பவளத்துக்கும் மனிதனின் தனிமைக்கும் இடையே —’

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்.’

இது பரவாயில்லை, உண்மையும்கூட. நான்கு மாதங்களுக்கு முன் அவனுக்குக் காசநோய் என்று தெரிந்தது. மாத்திரைகள் ஆரம்பித்தார்கள். இருமல் நின்றது, உடம்பு தேறியது, வேலைக்கும் திரும்பினான். அப்பாடா என்று எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில் தொட்டிக்குச் சீக்கு வந்தது.

[பவளம் கல் அல்ல, செடியும் அல்ல, உயிர். தண்ணீரில் உள்ள காரத்தை எடுத்துத்தான் எலும்பு கட்டிக்கொள்ளும். அது குறையக் குறைய ஒரு கரைசலை ஊற்ற வேண்டும். எவ்வளவு ஊற்றுவது என்பதை வாரம் ஒருமுறை சோதித்து முடிவு செய்ய வேண்டும். அண்ணன் அரை மணி நேரம் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கதைக்கு இது போதும்.]

2

அன்று நோட்டில் எழுதியதை அப்படியே தருகிறேன். மேலே தேதி இருக்கிறது. தேதி போட்டு எழுதுவது என் பழக்கம்.

‘சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீர். சாயம் கலந்ததும் நீலமாகிறது. அதில் இன்னொரு மருந்தைத் துளித்துளியாக விட்டுக் குலுக்க வேண்டும். நீலம் இளஞ்சிவப்பாக மாறியதும் நிறுத்திவிட வேண்டும். எத்தனை துளி ஆனதோ அதுதான் காரத்தின் அளவு. எட்டு இருந்தால் நல்லது. அண்ணன் ஜன்னல் வெளிச்சத்தில் குப்பியைப் பிடித்து எண்ணுகிறான். ஐந்து. ஆறு. ஏழாவது துளியில் தண்ணீர் சிவந்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை. எட்டு. ஒன்பது. கண்ணைச் சுருக்குகிறான். பத்து. பதினொன்று. “பதினொண்ணு. ரொம்ப ஏறிக் கெடக்கு” என்கிறான். கரைசலைப் பாதியாகக் குறைக்கிறான்.’

ஓரத்தில் என் குறிப்பு: ‘அருமை. எதையும் லேசில் நம்பாதவன். மாறிய பிறகும் மாறவில்லை என்று அடம்பிடிப்பவன். இதைக் கதையின் நடுவில் வைக்க வேண்டும்.’

நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். “ஏழுலயே மாறிடுச்சேண்ணா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காட்சி நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் புகுந்து கெடுப்பானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

3

அதற்குப் பிறகு அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். விளக்கை உயர்த்தினான். உப்பை மாற்றினான். வாராவாரம் சோதித்தான், பதினொன்று, பன்னிரண்டு என்றே வந்தது. கரைசலை அடியோடு நிறுத்தினான். கிளைகளின் நுனியில் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அண்ணி அவனுக்குத் தெரியாமல் ஒரு பாட்டில் தண்ணீரைப் பவளம் விற்கும் கடைக்கு எடுத்துப்போனாள். கடைக்காரர் சோதித்தார். ஐந்து. வீட்டில் பன்னிரண்டு என்கிறார்களே என்று அண்ணி கேட்டதும், வீட்டு மருந்து கெட்டுப்போயிருக்கும், வந்து பார்க்கிறேன் என்றார். அவர் வந்த அன்று நானும் இருந்தேன். நோட்டும் இருந்தது, கேட்பானேன்.

வீட்டு மருந்திலேயே அவர் சோதித்துப் பார்த்தார். அதிலும் ஐந்து. மருந்தில் பழுதில்லை.

“நீங்க ஒரு தடவ பண்ணுங்க சார். நான் பாக்குறேன்.”

அண்ணன் எண்ணினான். ஐந்தாவது துளியில் குப்பி சிவந்தது.

“போதும் சார், மாறிடுச்சு.”

“எங்க மாறிச்சு?”

கடைக்காரர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்துவிட்டார். அண்ணன் குப்பியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். ஆறு. ஏழு.

“சார், போதும்னு சொல்றேன்ல.”

“இன்னும் மாறலையே.”

அண்ணி எழுந்துபோய்க் கொடியிலிருந்து இரண்டு துணிக் கிளிப்புகளைக் கொண்டுவந்தாள். ஒன்றை நீட்டினாள்.

“ஏங்க, இது என்ன கலர்?”

“பழுப்பு.”

“இது?”

அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். “ரெண்டும் ஒண்ணுதானே. எதுக்குக் கேக்குறே?”

ஒன்று நல்ல சிவப்பு. மற்றது இலைப்பச்சை.

என் கையிலிருந்து பேனா நழுவியது என்று இங்கே எழுத ஆசை. நழுவவில்லை, நான் எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

[இந்தக் கண்ணோடுதான் இரண்டு மாதமாக லிஃப்ட் பலகைகளில் ஒயர் கட்டிக்கொண்டிருந்தான். “ஒயர்ல நம்பர் போட்டிருக்கும், அதப் பாத்துதான் கட்டுவேன்” என்றான். எங்களுக்குச் சொன்னானா, தனக்கே சொல்லிக்கொண்டானா தெரியவில்லை.]

4

கண் மருத்துவர் நீட்டி முழக்கவில்லை. “நீங்க சாப்பிடுற மாத்திரைல ஒண்ணு, சில பேருக்குக் கண் நரம்பத் தொடும். பல பேருக்கு மொதல்ல கலர்தான் கொழம்பும். ஆரம்பத்துலயே சொல்லியிருப்பாங்களே?”

சொல்லியிருந்தார்கள். மாத்திரை அட்டையோடு கொடுத்த தாளிலும் இருந்தது. ஆனால் நிறம் போனது தொட்டியில் என்றுதான் அண்ணன் நினைத்தான். தன் கண்ணில் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. நன்றாக இருந்த பவளம் முதலில் அவன் கண்ணுக்கு வெளுத்தது. அதற்கு அவன் செய்த வைத்தியத்தில் நிஜமாகவே வெளுத்தது.

அந்த மாத்திரையை அன்றே நிறுத்தி, வேறொன்று கொடுத்தார்கள்.

“பார்வ திரும்பி வருமா டாக்டர்?” என்று அண்ணி கேட்டாள்.

“நெறைய பேருக்கு வரும். மாசக்கணக்குல ஆகும். இப்ப எழுத்தும் மங்க ஆரம்பிச்சிருக்கு பாருங்க. ஒரு மூணு வாரம் முன்னாடி வந்திருந்தா நான் தைரியமா சொல்லியிருப்பேன்.”

வழியில் அண்ணி அழுதாள். “ரெண்டு மாசமா செவப்பெல்லாம் போச்சு, செவப்பெல்லாம் போச்சுன்னாரு. எனக்கு நல்லா செவப்பாத்தான் தெரிஞ்சுது. வளக்குறவரு அவரு, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்.”

கதைக்காரியாக எனக்கு இந்த அண்ணிமேல் சந்தேகம் வந்தது. இப்படி ஒரு மனைவி இருப்பாளா, வாசகர் நம்புவாரா? இவளை மாற்றி எழுதலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். இரண்டாம் பகுதியின் தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணினேன். இருபத்து மூன்று நாள்.

அண்ணியாவது தனக்குத் தெரியாது என்று நினைத்துச் சும்மா இருந்துவிட்டாள். நான் துளித்துளியாகப் பார்த்து, அருமை என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

5

இப்போது அண்ணன் சோதனை செய்யும்போது நான் பக்கத்தில் உட்காருகிறேன். “மாறினதும் சொல்லு” என்பான். மாறினதும் சொல்கிறேன். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வருகிறோம். பாதிப் பவளங்கள் போய்விட்டன. ஒரு கிளையில் மட்டும் புதிதாக நிறம் ஏறுகிறது. என்ன நிறம் என்று அவன் கேட்டான். அண்ணி சொன்னாள்.

போன வாரம் என்னிடம், “என்ன எழுத்தாளரே, எங்க தொட்டியப் பத்தி எழுதுறியாமே? முடிச்சுட்டு வந்து வாசிச்சுக் காட்டு. எனக்குதான் எழுத்து தெரியலையே” என்றான்.

முடிவு ஒன்று: இரண்டாம் பகுதியைக் கிழித்துவிடுகிறேன். கதை அண்ணி பாட்டிலோடு கடைக்குப் போவதில் தொடங்குகிறது. விறுவிறுப்பாகவும் இருக்கும். நான் பாசமுள்ள தங்கையாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

முடிவு இரண்டு: “அண்ணா, அன்னிக்கு நீ எண்ணும்போது நான் —”

(இதற்கு மேல் மூன்று நாளாக ஓடவில்லை.)

என்னால் முடியாது. நீங்கள்தான் வாசித்துக் காட்ட வேண்டும். கூடத்துக்கு வாருங்கள். அவன் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பான். முதல் பகுதியில் நான் என்னையே கிண்டல் செய்யும் இடத்தில் சிரிப்பான். அதை முடித்துவிட்டுத் தாளைத் திருப்புவீர்கள். ‘ஏழாவது துளியில் தண்ணீர் சிவந்துவிட்டது’ என்ற வரி வரும். அதை வாசித்தீர்களானால், அவன் கையை நீட்டி உங்களை நிறுத்துவான். என் பக்கம் திரும்பமாட்டான். உங்களைத்தான் கேட்பான்:

“அவ அப்ப எங்க உக்காந்திருந்தா?”