அலுமாரி நிறத்தில் ஒரு கிற்றார்

பாக்கியரத்தினத்தை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை நல்லவன் என்று நினைத்து ஏமாறக்கூடாது. கிழமை நாட்களில் அவர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். சனிக்கிழமைகளில் எங்கள் இசைக்குழுவின் மாஸ்டர். நான் குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவன். வயிற்றுப்பாட்டுக்கு அலுமாரிகளுக்குப் பொலிஷ் போடுகிறவன்.

நிலாவெளிக் கடற்கரையில் ஒரு புது ஹோட்டல், சீசன் முழுக்க வாசிக்க ஒரு குழுவைத் தேடியது. துறைமுகத்தில் ஒரு கப்பற்காரனிடம் வழக்கமான நாலுக்குப் பதில் ஐந்து நரம்பு வைத்த பேஸ் கிற்றாரைப் பார்த்துவிட்டு வந்த மாஸ்டருக்கு, அப்படி ஒன்று எங்களிடமும் இருக்கவேண்டும் என்று வெறி பிடித்தது. நரம்புகளையும் அவற்றின் ஒலியை வாங்குகிற பிக்கப்பையும் முறுக்காணிகளையும் அவர் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். உடம்பையும் கழுத்தையும் நான் முதிரை மரப் பலகையில் வெட்டி இழைத்தேன். இரண்டு மாத வேலை. தூக்கினால் தோள் கழன்றுவிடும், ஆனால் அந்த மஞ்சள் ரேகையைப் பார்த்தால் நோவு மறந்துபோகும்.

நிறம் தெரிவுசெய்ய மூன்று துண்டுப் பலகைகள் கொண்டுபோனேன். ஒன்றில் தெளிந்த அரக்குப் பொலிஷ். இன்னொன்றில் நடுவில் தேன் நிறம், ஓரத்துக்குப் போகப்போகக் கறுப்பு. மூன்றாவது அவர் கேட்ட சிவப்பு, படகுக்கு அடிக்கிற பெயின்ற்.

"என்ன முனாப், கலியாணப் பொம்பிளைக்குக் குடுக்கிற அலுமாரி மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் முதல் இரண்டையும் பார்த்து.

"மாஸ்டர், இது நல்ல முதிரை. மூடினால் பாவம்."

"மூடத்தான் வேணும். ஜப்பான் சாமான் எண்டு ஹோட்டல் மனேஜரிட்டச் சொல்லிப்போட்டன். நீர் வடிவா இழைச்சுத் தாரும், சிவப்பை நானே அடிக்கிறன். மற்றது, இதை என்ர மச்சினன்தான் வாசிப்பான். நீர் ஸ்பீக்கர் பொக்ஸ் தூக்க வாரும்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. செய்தவன் நான், வாசிக்க அவர் மனைவியின் தம்பியா? அன்றே தேன்மெழுகை உருக்கி, பலகை முழுவதும் சுடச்சுடத் தேய்த்து ஊறவிட்டுக் கொடுத்தேன். மெழுகின்மேல் பெயின்ற் பிடிக்காது. பார்வைக்குக் காய்ந்ததுபோல இருக்கும். உடற்சூடும் வேர்வையும் பட்டால் உரிந்து வந்துவிடும். இது பொலிஷ்காரனுக்குத் தெரியும், கிளாக்கருக்குத் தெரியாது. மச்சினன் மேடைக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டு நாசமாய்ப் போகட்டும் என்று மனதாரத் திட்டினேன்.

ஹோட்டலில் எங்களைச் சோதித்துப் பார்க்க வாசிக்கச் சொன்ன இரவு, முதல் பாட்டிலேயே மச்சினன் தடுமாறினான். நாலு நரம்பில் பழகியவன், விரல் ஒவ்வொரு முறையும் ஒரு நரம்பு தள்ளியே விழுந்தது. மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அவன்ர கோட்டைப் போடும். வந்து வாசியும்."

சிவப்பு இனி என்மேல்தான் உரியும் என்று தெரியும், ஏலாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஐந்தாவது நரம்பை ஒருதரமாவது சபையில் அடிக்கவேண்டும் என்று இரண்டு மாதமாக ஏங்கியவன் நான். கோட்டைப் போட்டேன். அடித்தேன். மேசைகளில் கிளாசுகள் அதிர்ந்தன, வெள்ளைக்காரர்கள் எழுந்து ஆடினார்கள். எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாவது பாட்டில் முன்னால் ஆடிய ஒரு பெண் என் வயிற்றைப் பார்த்து வீரிட்டுக் கத்தினாள். வெள்ளைக் கோட்டில் ஒட்டியிருந்த பெயின்றை இரத்தம் என்று நினைத்துவிட்டாள். பாட்டு நின்றது. மனேஜர் வந்து கிற்றாரைத் தொட்டார். அவர் விரலில் சிவப்பு வந்தது. தொட்ட இடத்தில் முதிரை மஞ்சளாகத் தெரிந்தது.

"இதுதானோ உங்கட ஜப்பான் சாமான்?" என்று மாஸ்டரிடம் கேட்டார். அதோடு ஹோட்டல் கைவிட்டுப் போயிற்று.

வெளியே, சாமான் ஏற்றிவந்த வானுக்குப் பக்கத்தில் மாஸ்டர் மெழுகை நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"தேன்மெழுகு. நீர் செய்த வேலைதானே?"

"ஓம்."

மாஸ்டர் ஸ்குரூடிரைவரை எடுத்து ஐந்து நரம்பையும் பிக்கப்பையும் முறுக்காணிகளையும் கழற்றிப் பையில் போட்டார். மிச்சத்தை என் நெஞ்சில் தள்ளினார்.

"இந்தாரும், உம்மட முதிரை. இனி என்ர முகத்தில முழியாதையும்."

வீட்டில் சிவப்பையும் மெழுகையும் சுரண்டி, நான் ஆசைப்பட்ட அரக்குப் பொலிஷையே போட்டேன். ரேகை பொன்னாய் மின்னுகிறது. என் பொலிஷ் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் வாய்விட்டுப் புகழ்கிறார்கள். விரலால் தட்டினால் அலுமாரிக் கதவின் சத்தம்தான் வருகிறது.