முதுகில் நான்கு பக்கிள்

…இரண்டரை மாதம் அளந்து, வெட்டி, சூடு காட்டி, ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, இத்தனையும் செய்த மண்டைக்கு முதுகுப் பக்கம் கை எட்டாது என்பது மட்டும் ஏன் தோன்றவில்லை, நான்கு பக்கிள், நான்கும் முதுகில், போட்டுவிட ஆள் வேண்டும், ஆளைக் கூப்பிட வேண்டும்… வெண்டல் கராஜின் நடுவில் மார்புக் கவசம் தோளில் தொங்க நின்று, தன் வாலைப் பிடிக்கப் பார்க்கும் நாய் மாதிரி இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தான், வாரின் நுனி விரலில் பட்டது, நழுவியது. நிஜ நாய், டஃபி, பழைய கம்பளத்தில் படுத்தபடி இதை வேடிக்கை பார்த்தது. மணி ஐந்து பத்து. ஆறு அடித்தால் தெருவில் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அமெரிக்காவின் டி மோய்ன் நகரில் ஹாலோவீன் பண்டிகைக்கு முந்தின மாலையே பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாக வந்து, ஒரு ஜோக் சொல்லி, மிட்டாய் வாங்கிக்கொண்டு, எட்டு மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும், அப்படி ஒரு வழக்கம். பக்கிள் முதுகுக்குப் போனதற்கு, முன்பக்கம் ஒரு கோடு தெரியக் கூடாது, வேற்றுக் கிரகத்துக் காவல்படை வீரன் நெஞ்சில் பக்கிள் மாட்டிக்கொண்டா வருவான் என்ற வீம்பு ஒரு காரணம். இன்னொரு காரணம் அவன் மனைவி பெர்னடெட். ஆகஸ்டில் அவன் உடம்பைச் சுற்றிச் சமையலறை பிளாஸ்டிக் தாளும் அதன் மேல் சாம்பல் நிற டேப்பும் ஒட்டி அச்சு எடுத்தது அவள்தான், ஒட்டி முடித்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு, "முன்னாடி வெட்டினா தொப்பையையும் சேத்து வெட்டிருவேன், திரும்பு," என்று சொல்லி முதுகுத்தண்டோடு ஒரே கோடாக வெட்டி, அவனை உரித்து வெளியே எடுத்தாள். வெட்டு விழுந்த இடத்தில்தான் பக்கிள் வந்தது.

ஆனாலும் என்ன அழகு, என்ன அழகு இது… பெஞ்சில் கிடந்த தோள்பட்டையை அவன் மறுபடி தொட்டுப் பார்த்தான். உடற்பயிற்சிக்கூடங்களில் தரையில் விரிக்கிற நுரைப்பாய், ஒரு சாம்பல் நிறச் சதுரம், கையில் எடுத்தால் எடையே இல்லை, முகர்ந்தால் செருப்புக்கடை வாசம். முதல் தடவை சூடான காற்று ஊதும் ஹீட் கன்னை அதன் மேல் பிடித்த நாள் இன்னும் உடம்பில் இருக்கிறது, சொரசொரவென்று இருந்த பரப்பு மெல்ல இறுகி, துளைகள் எல்லாம் மூடிக்கொண்டு, ஒரு பளபளப்பு அதன் மேல் நகர்ந்து போயிற்று, பாய் தளர்ந்து கையில் மடங்கியது, அதைத் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டு அறுபது எண்ணினான், எடுத்துப் பார்த்தால் தொடையின் வளைவு அதில் அப்படியே நின்றது. யார் சொல்லிக்கொடுத்தது இதற்கு, எப்படித் தெரிந்தது என் தொடை இப்படித்தான் என்று? அன்று கால் மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றான், நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, விதைக் கம்பெனியின் குளிர்க்கிடங்கில் மூட்டை எண்ணுகிறவன், கண் கலங்கி நின்றான் என்று யாரிடமாவது சொல்ல முடியுமா. சொல்லத்தான் முடியுமா, அவனால், எதையும்.

ஏனென்றால் இந்த மண்டைக்குள் ஆறு ஓடுகிறது, உதட்டில் அணை. பத்து வார்த்தை சொல்ல வேண்டிய இடத்தில் அவன் மனது முப்பது வார்த்தையை வரிசையாக நிறுத்தி, எது நோகாமல் வெளியே வரும் என்று பார்த்து, 'பால்' என்பதை விட்டுவிட்டு 'அந்த வெள்ளை' என்று கையைக் காட்டும், காபிக் கடையில் பெயர் கேட்டால் லூயி என்று சொல்லும், லூயி சுலபம், நாக்கு வழுக்கிக்கொண்டு போகும், இந்த ஊரில் மூன்று கடைகளில் அவன் லூயி. எல்லாச் சொல்லுக்கும் மாற்றுச் சொல் உண்டு, ஆட்களின் பெயருக்கு மட்டும் கிடையாது. அவளைக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம். பெர்னடெட். மனதுக்குள் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வான், பெர்னடெட், பெர்னடெட், வெளியே வரும்போது அந்த முதல் எழுத்தில் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும். ஆரம்பத்தில் முயன்றான். பிறகு குறைந்தது. பிறகு இல்லை. எந்த நாளில் நின்றது என்று அவனுக்கே தெரியாது. 'ஏம்மா' என்று கூப்பிட்டான், அல்லது சுவரில் மூன்று தட்டுத் தட்டினான், டொக் டொக் டொக், அவளும் வந்தாள், வருகிறாள், பல் டாக்டரிடம் வேலை, நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருக்கிறவர்களிடம் ஓயாமல் பேசிப் பழகியவள், "பதில் சொல்லாத ஆளுங்கதான் எனக்குச் சரிப்படும், அதான் உன்னைக் கட்டிக்கிட்டேன்," என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாள். அவள் பெயரை அவன் முழுசாகச் சொன்னது கல்யாணத்தன்று ஒரே தடவை, அதுகூட அந்தப் பாதிரியார் கெட்டிக்காரர், விஷயம் தெரிந்தவர், உறுதிமொழி முழுவதையும் அவனோடு சேர்ந்து ஒரே குரலில் சொன்னார், சேர்ந்து சொன்னால் திக்காது, பாட்டுப் பாடினால் திக்காது, நாயிடம் பேசினால் திக்காது, ஏன் என்று கேட்டால் எந்த டாக்டருக்கும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

மூன்று நாள் முன்புதான் இந்த அதிசயம். தலைக்கவசத்துக்குள் வைக்க ஒரு சின்னக் குரல்பெட்டி வாங்கியிருந்தான், தாடையருகே மைக், மார்பில் ஸ்பீக்கர், காதுக்குள் ஒரு குட்டி ஸ்பீக்கர், பேசினால் இயந்திர மனிதன் மாதிரி கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. பிள்ளைகள் ஜோக் சொல்லி முடித்ததும் 'ஹூம்' என்று ஒரு சத்தம் போடலாம் என்று. ஒயரை ஒட்டிவிட்டு, தலையில் மாட்டி, சோதித்துப் பார்க்கக் கையில் கிடைத்த பசை டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தான். தீயிலிருந்து விலக்கி வைக்கவும், காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும், கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடம்… முழுசாக வந்தது. அவன் பேசியது ஒரு இமைப்பொழுது தாமதித்து, கனத்த குரலாக மாறி அவன் காதுக்கே திரும்பியது, யாரோ ஒருவன் பக்கத்தில் நின்று கூடவே சொல்வது போல, அந்த ஆளின் தோளில் கை போட்டுக்கொண்டு வாக்கியம் நடந்தே போயிற்று. 'ப' வந்தது. 'ப' வந்தது கடவுளே, பசை, பயன்படுத்தவும், பதினைந்து, ஒன்றிலும் உதடு ஒட்டவில்லை. டப்பா முடிந்ததும் பெயிண்ட் டப்பா, அது முடிந்ததும் மூலையில் கழற்றிப் போட்டிருந்த டயரில் எழுதியிருந்தது, கடைசியில் அந்தப் பெயர், ஒரு தடவை, மெதுவாக. கராஜ் முழுவதும் அது நிறைந்தது. அந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் மடையா, தனியாக இருக்கும்போது உனக்கு எப்போது திக்கியது? டஃபியைத் தவிர யார் இருந்தார்கள்? இந்த யோசனை மூன்று நாளாக அவனைத் தின்கிறது. ஆள் முன்னால் வருமா, அதுதானே கேள்வி. வராவிட்டால் இரண்டரை மாத வேலை வெறும் பாய், அதுகூடப் பரவாயில்லை, அன்றைக்கு டயர் மேல் உட்கார்ந்த அந்த நிமிடமும் பொய்யாகிவிடும்… அதைத்தான் தாங்க முடியாது.

ஐந்து இருபத்தைந்து. கையுறைகளை மாட்டினான், முட்டியில் மூன்று மேடு, எஃகு மாதிரி நிறம், விளிம்பில் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்த போர்க்கீறல், பார்த்தால் சுவரையே பெயர்க்கும் போல. போய்ச் சமையலறைச் சுவரில் மூன்று தட்டுத் தட்டினான். சத்தமே இல்லை. பொத் பொத் பொத். தலையணையால் தட்டியதுபோல. இன்னும் ஓங்கிக் குத்தினான், பொத். அந்தப் பக்கம் ரேடியோ, பாத்திரத்தில் மிட்டாய் கொட்டும் சலசலப்பு, அவள் யாரிடமோ போனில், "அட இல்லடி, ரெண்டரை மாசம்டி, என்னைக்கூட இப்படி உக்காந்து உக்காந்து தடவினதில்ல," என்று சிரிக்கிறாள். டஃபிகூடத் தலையைத் தூக்கவில்லை. கிரகங்களைப் பிடிக்கப் போகிற வீரனே, உன் கதவு தட்டும் லட்சணம் இதுதானா என்று அவனுக்கே சிரிப்பு வந்தது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டலாம். ஒரு நொடி வேலை. கழற்றலாம்தான்… கழற்றவில்லை. தலைக்கவசத்தை எடுத்துத் தலையில் இறக்கி, தாடைக்குக் கீழே குரல்பெட்டியின் பொத்தானை அழுத்தினான், கவசத்தின் தேன் நிறக் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க வைத்த குட்டி விசிறி முனக ஆரம்பித்தது, கராஜ் முழுவதும் தேன் நிறமாயிற்று, டஃபி தேன் நிற நாய், சன்னலில் தேன் நிற அக்டோபர், மேப்பிள் இலைகள் புல்லில் கிடந்து எரிகின்றன, தன் மூச்சே கடல் மாதிரி கேட்கிறது. கூப்பிடு. உதடு ஒட்டியது. ஒட்டினால் என்ன, அந்தப் பக்கத்து ஆள் இருக்கிறான், அவனோடு போ, பாதிரியாரோடு போனாயே அப்படிப் போ… அவன் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டான்.

"பெர்னடெட்!"

மார்பிலிருந்து கிளம்பி, கூரைத் தகரம் அதிர, அலமாரியில் திருகாணி டப்பாக்கள் கிலுகிலுக்க அது போயிற்று, ஒரு கீறல் இல்லாமல், முழுப் பெயர். டஃபி எழுந்து நின்று குரைத்தது. அந்தப் பக்கம் போன் பேச்சு நின்றது. ரேடியோவும் நின்றது. நான்தானா, இது என் வாயா, இந்த மூன்று அசையும் இத்தனை பெரிதா, இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தேன்… கதவு திறந்தது. பெர்னடெட் மிட்டாய்ப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, நின்றாள். அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், பாத்திரத்தை வாஷிங் மெஷின் மேல் வைத்தாள், வைக்கும்போது கை கொஞ்சம் தவறி நாலைந்து மிட்டாய் தரையில் உருண்டன.

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான்."

"இன்னொரு தடவ சொல்லு."

"பெர்னடெட். பக்கிள் எட்டல, பெர்னடெட். கொஞ்சம் போட்டு விடேன், பெர்னடெட்." வந்துகொண்டே இருந்தது, ஆள் முன்னால், அவள் முன்னாலேயே, நிறுத்த மனம் இல்லை, பணம் கிடைத்த குடிகாரன் மாதிரி வாரி இறைத்தான். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "திரும்பு," என்றாள். திரும்பினான். அவள் விரல்கள் முதுகில் வாரைத் தேடி, இழுத்து, முதல் பக்கிளை மாட்டின, டக். கவசம் விலாவைப் பிடித்துக்கொண்டது. தன் உடம்பின் வடிவத்துக்குள்ளேயே தன்னை யாரோ வைத்துப் பூட்டுவது போல, பயமாகவும் இருந்தது, இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை என்றும் இருந்தது. இரண்டாவது, டக். அப்புறம் கை நின்றது.

"வெண்டல், அன்னிக்கு…" என்றாள். நின்றாள். "இல்ல, நான் என்ன கேக்க வந்தேன்னா…" மறுபடி நின்றாள். வாரை இழுத்தாள், விட்டாள். "இந்தப் பெயிண்ட் காஞ்சிருச்சா?" என்றாள். அவன் தேன் நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான், ஏனென்றால் இது அவனுக்குத் தெரிந்த வழி, இந்தச் சந்து பொந்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி, தொடங்கி, முட்டி, பின்வாங்கி, சுலபமான வேறு சொல்லில் ஏறிக்கொள்வது, இது திக்குகிறவன் செய்கிற வேலை அல்லவா, பெர்னடெட்டுக்கு என்ன, நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு என்ன? திரும்பி முகத்தைப் பார்க்கலாமா? வேண்டாம். சொல்லை எடுத்துக்கொடுக்கலாமா? எடுத்துக்கொடுக்கிறவர்களை அவன் வாழ்நாள் முழுக்க வெறுத்திருக்கிறான். காத்திருந்தான். விசிறி முனகியது.

"டுபியூக் ஊருக்குப் போனோமே, கல்யாணமான புதுசுல, அந்த ஓட்டல்ல," என்றாள் ஒரே மூச்சில், "மேசைக்குப் பேர் எழுதிக்கிற பொண்ணு ரெண்டு பேரோட பேரும் கேட்டா, நீ என் பேரைச் சொல்லப் போயி மாட்டிக்கிட்ட, நான் சிரிச்சிட்டேன். பதட்டத்துல வந்த சிரிப்புப்பா. ஆனா சிரிச்சேன். அதுக்கப்புறம் நீ என் பேரையே சொல்லல. நான் சிரிச்சதாலதானே? கேக்கணும் கேக்கணும்னு… பதினோரு வருஷமா தொண்டையிலயே நிக்குது."

டுபியூக். ஆறு ஞாபகம் இருக்கிறது, பெரிய பாலம், ஓட்டலில் அவள் போட்டிருந்த பச்சை ஸ்வெட்டர், ஆப்பிள் பை ஒன்று வாங்கி இரண்டு முள்கரண்டி கேட்டது, எல்லாம் இருக்கிறது… சிரிப்பு இல்லை. தேடினான், மறுபடி தேடினான், அந்த மேசையில், அந்தப் பெண் கையில் நோட்டோடு நின்ற இடத்தில், எங்கேயும் இல்லை. இந்த வீட்டில் சொல் சிக்கிக்கொண்ட ஆள் தான் ஒருவன்தான் என்றல்லவா இத்தனை வருடம் நினைத்திருந்தான், அவள் மூன்று தட்டுக்கு ஓடி ஓடி வந்த ஒவ்வொரு தடவையும் அந்தச் சிரிப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாளா, பல் டாக்டர் அறையில் பேசிப் பேசித் தள்ளியது எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றிக்கொண்டு போகிற வழியா, எத்தனை பெரிய பெண் இவள், எப்படிப் பார்க்காமல் இருந்தேன்… ஆறு ஆகும் முன்பே வாசலில் மணி அடித்தது. வெளியே சின்னக் குரல்கள், ஒருத்தி அவசரப்பட்டுக் கதவு திறக்கும் முன்பே ஜோக்கைத் தொடங்கிவிட்டாள், "எலும்புக்கூடு ஏன் பார்ட்டியில ஒண்ணுமே சாப்பிடல, சொல்லுங்க!", இன்னொருத்தி, "இருடி, இன்னும் தொறக்கவே இல்ல." பெர்னடெட் போகவில்லை. அவள் கை முதுகில் மூன்றாவது வாரைப் பிடித்தபடியே இருந்தது. உன் சிரிப்பால் இல்லை என்று சொன்னால் போதும், இன்று எந்தச் சொல்லும் வரும், பொத்தான் போட்டுத்தான் இருக்கிறது. ஆனால் நீ சிரித்தது எனக்கு ஞாபகமே இல்லை என்று, பதினோரு வருடம் அதைச் சுமந்தவளிடம் எப்படிச் சொல்வது?