பூபாலனைத் திறந்துவிட்ட நாள்

ஏலகிரியில் எங்கள் பெயின்ட்பால் மைதானத்தில், இறந்தவர்களின் கடைசி மூச்சையும் சிலிண்டரில் அடைத்துக் கொடுக்கிறோம். வண்ண உருண்டைகளைச் சுட்டு விளையாட வருகிறவர்களின் துப்பாக்கிக்குக் காற்று நிரப்புவதுதான் என் வேலை. ஆனால் மூவாயிரம் பவுண்டு அழுத்தம் தருகிற கம்ப்ரஸர் சுற்றுவட்டாரத்தில் எங்களிடம் மட்டுமே இருப்பதால், மூச்சைப் பையில் கட்டிக்கொண்டு வீட்டார் இங்கே வந்துவிடுவார்கள். பார்க்கச் சிறிதாகத்தான் இருக்கும். அடைக்கும்போதுதான் ஒரு ஆளிடம் எவ்வளவு இருந்தது என்று தெரியும்.

எடுத்துப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புவேன். வெயிலில் வைக்காதீர்கள், கீழே போடாதீர்கள், வால்வைத் தொடாதீர்கள், ஐந்து வருடம் முடிந்ததும் கொண்டுவாருங்கள். ஐந்தாவது வருடம் சிலிண்டரைக் காலிசெய்து, தண்ணீர் நிரப்பி, அழுத்தம் தாங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். இதைச் சொல்லும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கனகமணியம்மா வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஜோலார்பேட்டைக்காரர். கணவர் பூபாலன் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். சிலிண்டரைப் போர்வையில் சுற்றி, இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். சிலிண்டரின் கழுத்தில் அடித்திருந்த தேதியைப் பார்த்தேன். கெடு முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

"ஏழு மாசம் லேட்டும்மா."

"தெரியும் தம்பி. தினமும் கிளம்புவேன். செருப்பு மாட்டிட்டுத் திரும்பிடுவேன்."

அடிப்பக்கத்தில் ஒரு நசுங்கல் இருந்தது. கட்டிலிலிருந்து ஒருமுறை உருண்டுவிட்டார் என்றார். ஒரு பக்கம் பெயின்ட் வெளுத்திருந்தது. மார்கழியில் அவருக்குக் குளிருமே என்று மொட்டைமாடியில் வெயில்படும்படி உட்கார வைத்தாராம். நான் குறித்துக்கொண்டே வந்தேன். வால்வைத் தொட்டபோது விரல் வழுக்கியது.

"இது என்னம்மா?"

"தேங்காயெண்ணெய். ஆஸ்பத்திரியில கடைசி ரெண்டு நாள் உதடெல்லாம் வெடிச்சுப் போயிருந்துச்சு. அங்க தடவ விடல."

அழுத்தத்தில் இருக்கிற காற்றின் வாயில் எண்ணெய் படவே கூடாது. வேகமாகத் திறந்தால் சூடேறித் தீப்பிடிக்கும். அதை அவரிடம் சொன்னேன். வீட்டுக்குத் திருப்பி அனுப்ப முடியாது என்பதையும் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"வேற சிலிண்டருக்கு மாத்தித் தர முடியாதா?"

"மாத்தினாலும் பாதிதாம்மா போகும். ரெண்டு பக்கமும் சமமானதும் நின்னுடும்."

"பாதி போதும் தம்பி."

ஐந்து வருடம் தினமும் எண்ணெய் தடவிய வால்வில் குழாய் மாட்ட முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தேன். துணி மஞ்சளானது. வாசனை போகவில்லை. அவருக்கே புரிந்துவிட்டது.

"நானே கெடுத்துட்டேன், இல்ல?"

"இல்லம்மா. எண்ணெய் இல்லாட்டியும் இன்னிக்குத் திறக்கணும்."

முழு உண்மை இல்லை. ஆனால் சொன்னேன்.

சிலிண்டரைச் சங்கிலியால் தூணோடு கட்டினேன். ஜன்னல்களைத் திறந்தேன்.

"மெதுவா விடுங்க," என்றார் கனகமணியம்மா. "அவருக்கு அவசரப்படுத்தினா பிடிக்காது. வண்டியே ரெண்டு மணி நேரம் சிக்னல்ல நின்னாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்."

நூலளவுக்குத் திறந்தேன். காற்று மெல்லிய சீறலோடு வரத் தொடங்கியது. சிலிண்டர் குளிர்ந்து, மேலே பனி படிந்தது. அவர் அணைக்கப் போனார். வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும் என்று தடுத்து, போர்வையைக் கையில் சுற்றிவிட்டேன். அதோடு அவர் சிலிண்டரை மார்போடு பிடித்துக்கொண்டார். அழுத்தமானியின் முள் இரண்டாயிரத்துக்கு இறங்கியது. ஆயிரத்துக்கு இறங்கியது. வெளியே யாரோ ஜெயித்துக் கைதட்டினார்கள்.

முந்நூறில் சீறல் சற்று நின்று, இரண்டு இருமல் வந்தது.

"அவர்தான்," என்றார்.

நான் வால்வை மூடினேன். மூட வேண்டிய இடமல்ல அது.

அவர் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். பிறகு அவரே என் கையை எடுத்து வால்வின்மேல் வைத்தார்.

"போகட்டும் தம்பி. ரொம்ப நாளா அடக்கிட்டு இருக்கார்."

ஒன்றேகாலுக்கு முள் பூஜ்யத்தில் நின்றது. நசுங்கிய சிலிண்டரில் மறுபடி காற்று அடைக்க அனுமதியில்லை. அதை என்னிடமே விட்டுவிட்டார். போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தம் வரை கூட நடந்தேன். இடுப்பில் அந்தக் கனம் இல்லாமல், அவர் பாதங்கள் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தன. காற்று வீசியபோது முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறியதும், கீழே பதினான்கு வளைவு இருக்கிறது என்று சொல்லி, கண்டக்டர் அவருடைய முந்தானையை ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்துவிட்டு, விசில் கொடுத்தார்.