பிறேக் விடாத மைனர்

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் பதினொன்று ஐந்துக்கு முடிவதாய் இருந்தது. அதைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணிதான். இரஞ்சிதத்துக்காக ஐந்து வருடம் காத்திருந்த தில்லைநாதனால் இன்னும் ஐந்து கிழமை பொறுக்க ஏலுமா?

அப்படிப்பட்டவன் சொல்வழி கேட்டிருக்க வேண்டாமா? மாப்பிள்ளை தானே கார் ஓட்டிக்கொண்டு போவதாவது! பரந்தன் சந்தியில் கார் திருத்தும் கராச் வைத்திருக்கிறவன் வாடகைக் காரில் போய் இறங்கினால் ஊர் சிரிக்கும் என்று சொல்லி, பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகத் தன் பழைய மொறிஸ் மைனரில் ஏறிவிட்டான். பக்கத்தில் மாப்பிள்ளைத் தோழன் வீரகத்தி. இரஞ்சிதத்தின் தம்பி, மாப்பிள்ளையை அழைத்துப்போகக் கனகராயன்குளத்திலிருந்து விடியவே வந்தவன். பின்னால் அக்கா சிவலட்சுமி, கூறைச்சேலைத் தட்டை மடியில் வைத்தபடி. மற்றச் சனமெல்லாம் பஸ்ஸில் முன்னுக்குப் போய்விட்டது.

கிளிநொச்சி தாண்டும்வரை கார் நல்ல பிள்ளையாக ஓடியது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்பட்டபின் முரண்டு பிடித்தது. எஞ்சின் கத்துகிறது, கார் ஆமைபோல அரக்குகிறது. மாங்குளத்துக்கு இரண்டு கட்டைத் தூரம் இருக்கையில் அடியோடு நின்றுவிட்டது. பெடலிலிருந்து காலை எடுத்தாலும் பிறேக் விடவில்லை. மணி ஒன்பதே முக்கால்.

“பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் காணாது எண்டு நான் அப்பவே சொன்னனான்,” என்றாள் சிவலட்சுமி.

“சும்மா இருங்கோ அக்கா. இது பிறேக் பிடிச்ச பிடி.”

தில்லைநாதன் வேட்டியை மடித்துக் கட்டினான். மாப்பிள்ளையை நடுவீதியில் முழந்தாளிட விடமாட்டேன் என்று வீரகத்தி ஒற்றைக்காலில் நின்றான்.

“அப்ப நீ குனி மச்சான். எந்தச் சில்லு சுடுது எண்டு தொட்டுப் பார்.”

தொட்டான். “ஐயோ அம்மா!” என்று விரலை வாய்க்குள் வைத்தவன், அடுத்த சில்லுக்குக் கிட்டவும் போகவில்லை.

“சரி, தொடாதை. அக்கா, அந்தப் பன்னீர்ச்செம்பைத் தாங்கோ.”

மாப்பிள்ளை பன்னீர் தெளித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தான். முன்சில்லு இரண்டும் சீறின. பின்சில்லு இரண்டும் சீறின. ரோசாப்பூ மணமும் கருகல் நாற்றமும் சேர்ந்து கிளம்பின. அந்நேரம் பார்த்து வந்த லொறிக்காரன் தலையை வெளியே நீட்டி, “எட, காருக்கே கலியாணம்?” என்று கத்திவிட்டுப் போனான்.

தில்லைநாதனுக்குச் சிரிக்க நேரமில்லை. “ஒரு சில்லு மட்டும் சுட்டால் அந்தச் சில்லிலை குற்றம். நாலும் சுட்டால் குற்றம் நாலுக்கும் பொதுவான இடத்திலை. பெடல் முழுக்க மேலை வராட்டி, எண்ணெய் திரும்பிப் போக வழியில்லை. அது நாலு சில்லையும் அமத்திக்கொண்டே கிடக்கும்.”

வீரகத்தியின் முகம் செத்துப்போனது. “பெடலைப் பாக்கவேண்டாம் அத்தான். அங்கை ஒண்டும் இல்லை.”

“பாக்காமல் உனக்கு எப்பிடியடா தெரியும்?”

தலைப்பாகையைக் கழற்றி அக்காவிடம் எறிந்துவிட்டுத் தலைகீழாகக் காருக்குள் புகுந்தான் தில்லைநாதன். பெடல் தண்டுக்கும் அது நுழையும் தரைத் தகட்டு ஓட்டைக்கும் நடுவில் மஞ்சள் துணி முடிச்சொன்று வழுகி இறங்கி இறுகிக் கிடந்தது.

“எங்கடை அக்கா தந்துவிட்டவா,” என்றான் வீரகத்தி அழாக்குறையாக. “அத்தான் காரைப் பறக்க விடுவார், பிறேக் நல்லாய்ப் பிடிக்கவேணும் எண்டு பிள்ளையாருக்கு நேர்ந்து முடிஞ்சது. உள்ளுக்கு விபூதியும் கொட்டைப்பாக்கும். பிறேக்கிலையே கட்டு எண்டவா. நீங்கள் தலைப்பா கட்டேக்கை கட்டினனான். தாலி ஏறுமட்டும் அவிழ்க்கவும் கூடாதாம், அறுக்கவும் கூடாதாம்.”

“கிடக்கிறது கிடக்கட்டும், கிழவியைத் தூக்கி மணையிலை வை எண்டானாம்! முதல்லை தாலி ஏறவேணுமேடா!” என்று சிவலட்சுமி பாய்ந்தாள்.

தில்லைநாதனுக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. சிரிப்புத்தான் வென்றது. பிறேக் பிடிக்க வேண்டுமென்று நேர்ந்தாளே புண்ணியவதி, இப்படியொரு பிடியை அவன் தன் கராச்சில் கண்டதேயில்லை. அவள் நேர்ந்து முடிந்ததை அறுக்க அவனுக்கும் மனம் வரவில்லை.

“அவிழ்க்கவும் வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். மேலை ஏத்துவம். அக்கா, சந்தனம்!”

கிண்ணத்துச் சந்தனத்தைத் தண்டு முழுக்கப் பூசி, தட்டிலிருந்த பாக்குவெட்டியின் பிடியால் முடிச்சை மெல்ல மெல்ல நெம்பி மேலே ஏற்றினான். பெடல் டக்கென்று மேலெழுந்தது. சில்லு உருளுகிறதா என்று பார்க்க வீரகத்தி பின்னால் ஒரு தள்ளுத் தள்ள, கார் தன்பாட்டில் உருளத் தொடங்கியது. தில்லைநாதன் தாவி ஏறி எஞ்சினைக் கிளப்பினான். “அத்தான், நில்லுங்கோ! என்னை ஏத்துங்கோ!” என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான் வீரகத்தி.

கனகராயன்குளம் போய்ச் சேர்ந்தபோது பத்து ஐம்பது. படலை வாசலில் நின்ற மாமனார் சிற்றம்பலம் வாயைத் திறக்குமுன் மாப்பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். குருக்கள் மந்திரத்தை நாலாம் கியரில் விட்டார்.

தாலிக்கொடியோடு தில்லைநாதன் குனிந்தபோது, தலை நிமிராமல் இரஞ்சிதம் கேட்டாள். “ஏன் பிந்தினது? வரமாட்டியளோ எண்டு எனக்கு உயிர் போட்டுது.”

“நீர் முடிஞ்ச முடிச்சுத்தான். நாலு சில்லையும் பிடிச்சு நடுக்காட்டிலை இருத்திப்போட்டுது.”

ஒரு கணம் அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. தோள் குலுங்கியது, தலைப்பூ குலுங்கியது, தாலிக்கொடி அவன் விரலிலிருந்து நழுவியது. மகள் அழுகிறாள் என்று நினைத்துச் சிற்றம்பலம் தானும் அழத் தொடங்கினார். அதைப் பார்த்த மாப்பிள்ளைக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

“தம்பி, மூண்டு நிமிசந்தான் கிடக்கு. கட்டும்!” என்று குருக்கள் கத்தினார்.

சிரிப்போடு சிரிப்பாகத் தில்லைநாதன் மூன்று முடிச்சையும் போட்டு முடித்தபோது, முகூர்த்தத்தில் இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது. சிற்றம்பலம் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, பிள்ளையைப் பிரியிறது லேசில்லைத்தானே என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.