அப்பா அம்மாவுக்கு மட்டும்

மகன் போனில் சொன்ன செய்தியை ஸ்பீக்கரில் மூன்று பேரும் ஒன்றாகத்தான் கேட்டார்கள். "விசா வந்துடுச்சும்மா. உனக்கும் அப்பாவுக்கும், ரெண்டு பேருக்குமே." கணவர் கை தட்டியேவிட்டார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் அவர். முப்பத்தைந்து வருடம் ஓட்டியும் செக்குமாடு மாதிரி ஒரே ஊரைத்தானே சுற்றினேன் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தவர். அவர் மனைவி நர்ஸம்மாவோ முதலில் நாத்தனாரைத்தான் பார்த்தாள். நாத்தனார் தரையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"அத்தைக்கு?" என்று கேட்டாள் நர்ஸம்மா.

அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. "அதுல அப்பா அம்மாவுக்கு மட்டும்தாம்மா இடம். அப்பாவோட தங்கச்சின்னா இந்த ஊருல அது உறவே இல்ல. வக்கீல்கிட்டகூட கேட்டுப் பாத்துட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "அத்தம்மா, நீ கேட்டுக்கிட்டா இருக்க?"

"இருக்கேன்டா கண்ணு. பெட்டியில எவ்வளவு எடை வெக்கலாம்னு விசாரிச்சுச் சொல்லு. இல்லேன்னா உங்கம்மா வீட்டையே வாரிக் கட்டிக்கிட்டு வந்து நிப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் கையில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

ஆஸ்பத்திரி வேலையை விட்டு ஏழு வருடமாகியும் தெருவுக்கு அவள் நர்ஸம்மாதான். அவள் கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்குள் வந்தபோது நாத்தனாருக்கும் அவளுக்கும் ஒரே வயது. "அண்ணி, நீங்க உக்காருங்க, அண்ணி, நீங்க சாப்பிடுங்க" என்றெல்லாம் நாத்தனார் தாங்கியது சரியாக மூன்று மாதம். குழாயை யார் சரியாக மூடவில்லை என்று ஒரு நாள் சண்டை வந்தது. "உனக்குக் கை இல்லையா?" என்று கேட்டுவிட்டாள் நாத்தனார். அன்றைக்குப் போன மரியாதை திரும்பி வரவே இல்லை. 'அண்ணி' மட்டும் நின்றது, 'நீங்க' 'நீ' ஆகிவிட்டது. அதற்கப்புறம் நாற்பது வருடம் கீரியும் பாம்பும்தான். உப்புக்குச் சண்டை, துண்டு காயப்போட்ட கொடிக்குச் சண்டை, ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்று சண்டை. நடுவில் மாட்டிக்கொண்ட டிரைவர், "ரோட்டுல இவ்வளவு ஹாரன் சத்தம் கேட்டதில்லப்பா" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆனால் நர்ஸம்மா ஷிப்டு முடிந்து வீடு திரும்பும்போது வெந்நீர் தயாராக இருக்கும். குழந்தை குளித்து, பவுடர் போட்டு, நாத்தனார் இடுப்பில் இருக்கும். அம்மா என்று சொல்வதற்கு முன்னால் அவன் சொன்ன வார்த்தை அத்தம்மா.

போகாமல் இருக்கவும் வழியில்லை. மருமகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விடுப்பு முடிகிறது, அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். "வேலையை விட்டா மறுபடி கிடைக்காது அத்தை" என்று மருமகள் போனில் அழுதாள். இதே வார்த்தையை இதே அழுகையோடு நர்ஸம்மாவும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறாள்.

அந்த வேலைக்காக அவள் செய்தது மட்டும் வேறு யாருக்கும் தெரியாது. மகனுக்கு இரண்டு வயது நடந்தபோது நாத்தனாரைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் தபால் ஆபீஸில் வேலை பார்த்தான். குழந்தைக்கு அம்மை போட்டிருந்ததால் ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். பொறுத்து, சொன்னபடி திரும்பவும் வந்தார்கள். நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நர்ஸம்மா மட்டும் இருந்தாள். எடுக்க இருந்த லீவெல்லாம் தீர்ந்து, மறுநாள் காலை ஷிப்டில் நின்றாக வேண்டிய நாள் அது. இவள் போய்விட்டால் குழந்தையை யார் பார்ப்பது? வாசலில் நின்றபடியே, "அவளுக்கு இதுல இஷ்டமில்லீங்க" என்று சொல்லிவிட்டாள். இந்த வரன் போனால் இன்னொன்று வராதா என்று நினைத்தாள். வந்தன, ஒன்றும் கூடவில்லை. "அவங்க அப்புறம் வரவே இல்லையே அண்ணி" என்று நாத்தனார் ஒரே ஒரு தடவை கேட்டாள். "பெரிய இடம் பாத்திருப்பாங்க, விடு" என்றாள் இவள்.

நாத்தனாரைத் தனியாக விட்டுப் போக முடியாது என்றானதும் முதியோர் இல்லத்தைத் தேடிப் பிடித்ததே அவள்தான். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "காத்தோட்டமான ரூம். உன் மூஞ்சியைப் பாக்க வேணாம். வேற என்ன வேணும்?" என்றாள். விமானத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு காலை வேளையில் மூன்று பேரும் ஆட்டோவில் போனார்கள். நாத்தனாரின் அறுபத்தைந்து வருடமும் ஒரு பெட்டியிலும் இரண்டு துணிப்பையிலும் அடங்கிவிட்டது. ஆபீஸ் அறையில் மேனேஜரம்மா ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். வயது, மாத்திரை, பார்வை. பிறகு, "அவசரத்துக்குக் கூப்பிட இந்த ஊர்ல யார் இருக்காங்க?" என்றாள்.

டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார். நர்ஸம்மா ஆஸ்பத்திரியில் எத்தனை பேரிடம் இதே கேள்வியைக் கேட்டிருப்பாள், பதில் வராத இடத்தில் கோடு போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள்.

"எங்க தெரு தையல்காரர் நம்பரை எழுதிக்குங்க" என்றாள் நாத்தனார். "நல்ல மனுஷன். நாளைக்குத் தர்றேன்னா நாலு நாள்ல தந்துடுவாரு."

அறையில் கட்டிலுக்கு விரிப்பு போட்டார்கள். ஒரு முனையை நர்ஸம்மா மடித்துச் செருகினாள், மறுமுனையை நாத்தனார் செருகினாள். இப்போது சொல்லிவிடலாம் என்று நர்ஸம்மா நினைத்தாள். வாய் திறந்தாள். "வேளைக்கு மாத்திரை போட்டுக்க" என்றுதான் வந்தது.

"எனக்குத் தெரியும். கெளம்பு, வெயில் ஏறுது. போன்னு சொல்லக்கூடாதாமே? சரி, போயிட்டு வா."

அங்கே மகன் வீடு துடைத்துவிட்டது போல இருந்தது. பெரிய பெரிய கண்ணாடி ஜன்னல்கள். தெருவில் ஆள் நடந்தால் அதிசயம். டிரைவர் ஒரு மாதத்தில் பொருந்திப்போனார். பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, "இது எனக்குப் புது ரூட்டு" என்று பூங்காவைச் சுற்றி வந்தார். மருமகள் தங்கமான பெண். ஒரு சொல் அதிர்ந்து பேசமாட்டாள். நர்ஸம்மா உப்பை அள்ளிப் போட்டாலும், "நல்லா இருக்கு அத்தை" என்று சாப்பிட்டுவிட்டுப் போனாள். குறை சொல்ல ஆளில்லாத அந்த வீட்டில் தான் செய்வதை யாருமே பார்க்கவில்லை என்று நர்ஸம்மாவுக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை பத்து மணிக்கு இல்லத்துக்குப் போன் போட்டாள். முதல் தடவையே அது நடந்தது.

"அண்ணி, நல்லா இருக்கீங்களா? அண்ணன் சௌக்கியமா? குழந்தைங்க சாப்பிட்டாங்களா?"

நர்ஸம்மாவுக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. "என்னடி புதுசா நீங்க, வாங்கன்னு?"

"தூரத்துல இருக்கீங்கள்ல" என்றாள் நாத்தனார்.

ஒவ்வொரு வாரமும் அதே மூன்று கேள்விகள், அதே மரியாதை. "மீன் வாங்குனேன், நாறிப்போச்சு" என்று வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தாள் நர்ஸம்மா. "பாத்து வாங்குங்க அண்ணி" என்றாள் அவள். நான்காவது மாதம் அதுவும் நின்றது. போனை மேனேஜரம்மாதான் எடுத்தாள்.

"வாங்கிப் பேசமாட்டேங்கறாங்கம்மா. உடம்புக்கு ஒண்ணுமில்ல. சாப்பிடறாங்க, துணி மடிக்கறாங்க. யார்கிட்டயும் பேச்சு மட்டும் கிடையாது. ஆனா ஒண்ணு, நீங்க கூப்பிடற நேரத்துக்கு டாண்ணு வந்து எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கறாங்க. போனையே பாத்துக்கிட்டு இருக்காங்க."

ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று மகனிடம் கேட்டாள் நர்ஸம்மா. "சின்னது நடக்கட்டும்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அவள் தோளைப் பிடித்துச் சொன்னான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு, கணவரும் குழந்தைகளும் வெளியே போன பிறகு அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். "ஸ்பீக்கர்ல போட்டுட்டு நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றாள் மேனேஜரம்மாவிடம். காலடி விலகியது. அந்தப் பக்கம் மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது, அதற்கு நடுவே மூக்கடைத்த ஒரு மூச்சு. அந்த மூச்சை நாற்பது வருடம் பக்கத்து அறையில் கேட்டிருக்கிறாள்.

"நீ பேச வேணாம். நான் பேசறேன்" என்றாள் நர்ஸம்மா. "தபால் ஆபீஸ் வரன் ஒண்ணு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? அவங்க மறுபடியும் வந்தாங்க. நீ பிள்ளையத் தூக்கிட்டு கடைக்குப் போயிருந்த. உனக்கு இஷ்டமில்லேன்னு நான்தான் வாசல்லயே வெச்சு அனுப்பிட்டேன். உள்ளகூடக் கூப்பிடல. அந்தப் பையனும் வந்திருந்தான். கையில ஒரு முழம் பூ வெச்சிருந்தான். அதைத் திரும்ப எடுத்துக்கிட்டே போனான்."

மூச்சு நின்றது போல இருந்தது.

"என் வேலை போயிடும்னு பயந்துட்டேன்டி. இவ்வளவு நாள் சொல்லல. திட்டு. வாய்க்கு வந்தபடி திட்டு. ஏன்டி சும்மா இருக்க?"

பிறகு நாற்காலிக் கால் சிமெண்ட் தரையில் கீச்சென்று இழுபடும் சத்தம் கேட்டது. போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்கிறாளா, தள்ளிவிட்டு எழுந்து போகிறாளா, தெரியவில்லை. நர்ஸம்மா மறுகாதைக் கையால் பொத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள்.