தொப்பிக்காரி தூக்கிப்போன பலகை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மெக்சிகோ நகரத்துச் சோகலோ சதுக்கத்துக்கு வருகிற சுற்றுலாக்காரர்களைக் கிழிகிழியென்று கிழிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரி: காலை வெயிலில் பேராலயத்தின் மணிக்கூண்டு (வேண்டாம், அது படத் தபாலட்டையிலேயே இருக்கிறது.)

மறுபடியும். பேராலயத்தின் கம்பி வேலியோரம் ஃபிதென்சியோ உட்கார்ந்திருக்கிறார். காலடியில் கருவிப்பை. அதில் சாய்த்த பலகையில் 'குழாய் வேலை' என்று அவரே எழுதியிருக்கிறார். பக்கத்தில் கொத்தனார், பெயின்டர், எலக்ட்ரீஷியன், ஆளுக்கொரு பலகை. பலகை இருந்தால் ஆள் வேலைக்குத் தயார். இல்லாவிட்டால் வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். யாரும் கூவி அழைக்கக் கூடாது. அழைத்தால் அந்த வரிசைக்கே அவமானம்.

2

மூன்று நாளாக அவருக்கு வேலை இல்லை. நாலாம் நாளும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் முகம் காட்ட முடியாது. அப்போதுதான் மஞ்சள் தொப்பி போட்ட வெளிநாட்டுக்காரி ஒருத்தி, கேட்காமல்கூட (இல்லை, கேட்டுவிட்டுத்தான்) அவர் பலகையைத் தூக்கிக்கொண்டு சதுக்கத்தின் நடுவே இருக்கும் கொடிமரத்தடிக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து ஓர் அம்மாள் வந்தார். கையில் தண்ணீர்த் தொட்டியின் உடைந்த மிதவை. பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே ஃபிதென்சியோவைத் தாண்டிப் போய்விட்டார். இவர் வாயைத் திறக்கவில்லை.

என்ன திமிர் அவளுக்கு. ஒருவர் பிழைப்பு இவர்களுக்கு விளையாட்டுச் சாமான்.

3

இந்தத் தொப்பிக்காரி எனக்குச் சரியாக வரவில்லை. போன வரைவில் தொப்பி நீலம், அதற்கு முன் தொப்பியே இல்லை. முடிவும் அமையவில்லை. (அ) அம்மாள் திரும்பி வருகிறார். (ஆ) போலீஸ்காரர் தொப்பிக்காரியைப் பிடித்து...

எழுதியவரைக்கும் ஃபிதென்சியோவிடமே படித்துக் காட்டினேன். சோளமாவுக் கொழுக்கட்டை திணித்த பன்னைத் தின்றுகொண்டே கேட்டார்.

"நல்லா காறித் துப்பியிருக்கீங்க சார்," என்றார். "ஆனா அன்னிக்குத் தொப்பி போட்டவ எவளும் வரலையே."

நான் தாளை மடித்தேன்.

"கதை எழுதணும், கொஞ்சம் பாத்துட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போனது நீங்கதான?"

4

நான்தான். பலகையைக் கையில் எடை பார்த்தேன், எழுத்தின் கோணலைக் குறித்துக்கொண்டேன், நல்ல வெளிச்சம் வேண்டுமென்று கொடிமரம்வரை போனேன். நாற்பது வருடமாக இந்தச் சதுக்கத்தைக் குறுக்கே கடப்பவன், அந்தப் பலகை வழக்கம் எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் போயிருந்தார்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அம்மாள் திரும்பி வந்ததாக மட்டும் எழுதாதீர்கள், வரவில்லை. தொப்பிக்காரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு அந்த இடத்தில் என்னைப் போடுங்கள். திட்டியதில் ஒரு சொல்லையும் குறைக்க வேண்டாம்.