மேசைக்கடியில் மூன்று நாள்

கூரியர் ஆபீசில் எனக்கு முன்கவுண்டர் வேலை. வருகிற பார்சலை ஸ்கேன் செய்து, பின்னால் இருக்கும் டெலிவரி அலமாரியில் வைக்க வேண்டும். காலையில் ஒரு கூட்டம், மாலையில் ஒரு கூட்டம். நடுவில் நாவல் படிப்பேன். குடும்பக் கதை எனக்கு ஒத்துவராது. அதுதான் வீட்டிலேயே நடக்கிறதே. ராணுவத்தை விட்டு வந்த ஒருவன் வேண்டும். முதல் பக்கத்திலேயே யாராவது அவனைத் துரத்த வேண்டும். பத்தாம் பக்கத்தில் ஒரு பாலமாவது வெடிக்க வேண்டும். அவன் யாரிடமும் கெஞ்சமாட்டான். படிக்கிற நேரத்துக்கு நானும் யாரிடமும் கெஞ்சாதவள்.

அப்படிப்பட்டவள் வீட்டுக்கே ஒருவர் வந்து சேர்ந்தார். என் கொழுந்தனார், வீட்டுக்காரரின் தம்பி. பதினோரு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, எங்கள் பின்னறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அங்க என்னதான் பண்ணீங்க?" என்று துளைத்தெடுப்பேன்.

"லாரி ஓட்டினேன் அண்ணி. அரிசி மூட்டை, டீசல், சில சமயம் கட்டில்."

நான் நம்பவில்லை. கதைகளிலும் அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஆபீசில் எடை போடும் அக்காவிடம், அவர் வெறுங்கையால் ஆறு பேரைச் சாய்த்தவர் என்று வாய் கூசாமல் சொல்லிவைத்தேன். அடுத்த வாரம் ஆறு ஒன்பதானது.

ஒரு திங்கட்கிழமை மதியம் சின்ன தெர்மோகோல் பெட்டி ஒன்று வந்தது. மேலே 'மருந்து, உடனே அனுப்பவும்' என்று ஒட்டியிருந்தது. ஸ்கேன் செய்தேன். எழுந்து போய் அலமாரியில் வைக்க இருபது அடிதான். ஆனால் கதையில் அவன் ஓடும் ரயிலின் மேல் நின்றுகொண்டிருந்தான். இந்த அத்தியாயம் முடியட்டும் என்று பெட்டியை மேசைக்கடியில் தள்ளினேன். அத்தியாயம் முடிந்தது. அடுத்ததைத் தொடாமல் இருக்க முடியவில்லை. பெட்டியைச் சுத்தமாக மறந்துபோனேன்.

வியாழக்கிழமை காலை, மேனேஜர் வருவதற்கு முன்பே ஒரு ஆள் போனை நீட்டிக்கொண்டு வந்து நின்றார். "திங்கக்கிழமையே இங்க வந்துட்டதா காட்டுது. எங்க என் பார்சல்?"

எண்ணைப் பார்த்ததுமே அந்தப் பெட்டி ஞாபகம் வந்து, கையிலிருந்த நாவலை மேசைக்கடியில் போட்டேன். கால் விரல் பெட்டியில் இடித்தது.

"இன்னும் வரல சார்," என்றேன்.

அவர் மேசையில் ஓங்கி அறைந்தார். "பொய் சொல்லாதீங்க! எங்கம்மாவோட ஊசி மருந்து அது!" வாசலை மறித்து நின்று, பார்சல் கிடைக்காமல் நகரமாட்டேன் என்றார். நான் வீட்டுக்குப் போன் போட்டேன். "தம்பி, ஒருத்தன் கலாட்டா பண்றான், உடனே வாங்க."

பத்தே நிமிடத்தில் கொழுந்தனார் வந்துவிட்டார். நான் எல்லாரும் கேட்கும்படி, "இவர் ராணுவத்துல இருந்தவர், பார்த்து நடந்துக்குங்க," என்றேன். அந்த ஆள் அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். கொழுந்தனார் ஓரடி பின்னால் போய் நின்று, "என்ன மருந்து சார்? எப்ப வரவேண்டியது?" என்று கேட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார்.

"நல்லா தேடிப் பார்த்தீங்களா அண்ணி?"

"பார்த்தாச்சு."

அவர் கவுண்டரைச் சுற்றி வந்து குனிந்தார். பெட்டி இருந்தது. அதன் மேல் என் நாவல் கவிழ்ந்து கிடந்தது. புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, "இங்கதான் சார் இருந்தது. தப்பு எங்க மேலதான்," என்றார்.

பளாரென்று அவர் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. எனக்கு விழ வேண்டியது. கொழுந்தனார் கையைத் தூக்கவில்லை. "மூணு நாள்ல ஐஸ் உருகியிருக்கும், இத இனிமே போடக்கூடாது. வண்டியில ஏறுங்க, கடை கடையா கேட்டுப் பார்ப்போம்," என்றார். இருவரும் ஒரே பைக்கில் போனார்கள்.

எடைக்கார அக்கா என்னைப் பார்த்தாள். "என்னடி, ஒன்பது பேரச் சாய்ச்சவரு ஒரு அறைய வாங்கிட்டுப் போறாரு?"

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "பாவம்னு விட்டுட்டாருக்கா. நெனச்சிருந்தா அவன் எலும்ப எண்ணியிருப்பாரு," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் காது மடல் சுட்டது.

கொழுந்தனார் வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம். கன்னம் இன்னும் சிவந்திருந்தது. நாலாவது கடையில் மருந்து கிடைத்ததாம். அந்த அம்மாவுக்கு ஊசி போட்ட பிறகுதான் கிளம்பினாராம்.

"அண்ணன்கிட்ட சொல்லல," என்றார். "நீங்களும் சொல்ல வேண்டாம்."

"அந்தப் புத்தகத்த இனிமே தொடமாட்டேன் தம்பி."

"எதுக்கு? நாங்களும் அதத்தான் படிச்சோம்." உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். "புதுசா ஒண்ணு வந்தா நாலா கிழிச்சு நாலு பேர் படிப்போம். எனக்கு எப்பவும் கடைசிப் பகுதிதான் வரும். யாரு செத்தான்னு மொதல்லயே தெரிஞ்சிடும், ஏன் செத்தான்னு அப்புறம்தான் தெரியும்."

"உண்மையான பட்டாளத்துக்காரங்களுக்கு எதுக்கு அது?"

"அதுல யாருமே காத்துக்கிட்டு இருக்கமாட்டான் அண்ணி. நாங்க நாள் பூரா காத்துக்கிட்டே இருந்தோம். ரோடு திறக்க, லெட்டர் வர, லீவு கிடைக்க." அவிழ்த்த ஷூவை ஓரமாக வைத்தார். "அந்த அம்மாவும் மூணு நாளா காத்துக்கிட்டு இருந்திருக்காங்க." குத்திக்காட்டுகிற குரலே இல்லை. நான் அடுப்படிக்குள் போய்ப் பாத்திரம் கழுவுவதுபோல் நின்றேன்.

மறுநாள் மேனேஜரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். கவுண்டரிலிருந்து என்னை எடுத்து, பின்னால் மூட்டை பிரிக்கும் அறையில் போட்டார். வேலையைவிட்டுத் தூக்காததே பெரிது. கிளம்புமுன் எடைக்கார அக்காவிடம், "அவர் லாரிதான் ஓட்டினாரு. மிச்சமெல்லாம் நானா சொன்னது," என்றேன்.

"தெரியும்டி," என்றாள். "மொத நாளே தெரியும். நீ சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு, அதான் தலையாட்டிக்கிட்டு இருந்தேன்."

கொழுந்தனாருக்கு அடுத்த மாதம் ஆம்புலன்ஸ் டிரைவர் வேலை கிடைத்து, வேலைக்குப் பக்கமாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பக்கம் என்பதுதான் காரணம் என்றார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்த மருந்துப் பார்சல்காரரின் தெரு எனக்குத் தெரியும். இரண்டு முறை முனை வரைக்கும் போய்விட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்பதுகூட வரிவரியாக மனப்பாடம். கதவைத் தட்டத்தான் இன்னும் கை வரவில்லை.